சடங்கும் மனந்திரும்புதலும்: தமிழகத் திருச்சபை வரலாறு தரும் பாடம்

சமயம் எதுவாயினும் அதற்குப் புறம் என்றும் அகம் என்றும் இரண்டு பக்கங்கள் உண்டு. சடங்கு புறம், மனமாற்றம் அகம். அகத்தே நிகழும் மாற்றத்திற்குத் துணையாகவே சடங்கு தோன்றியது. அதற்கு ஈடாகத் தோன்றவில்லை. ஆயினும் காலப்போக்கில் துணை தலைமையாகி, தலைமை மறக்கப்படுவதைச் சமய வரலாறு நெடுகக் காண்கின்றோம். நீராடிப் புறத்தைத் தூய்மை செய்துகொண்டு அகத்தே மாசுடன் திரிவோரை வள்ளுவப் பெருந்தகையும் இடித்துரைத்துள்ளார்.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் கிறிஸ்தவத் திருச்சபையின் வரலாறு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நம் மக்களுள் பலர் அச்சமயத்தைத் தழுவியவர்கள். அச்சமயத்தார் திறந்த பள்ளிகளின் வாயிலாகவே நம் முன்னோருள் பலர் முதன்முதலில் ஏட்டைக் கையில் எடுத்தனர். அதே சமயத்தின் ஆலயங்களுக்குள் நம் முன்னோர் ஒதுக்கி அமர்த்தப்பட்டதும் உண்டு. கைதூக்கியதும் கைவிட்டதும் ஒரே இடத்தில் நிகழ்ந்தது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். சமயப் பற்று உடையோரும் இல்லோரும் இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

வேதம் வற்புறுத்துவது

எபிரேயத் தீர்க்கதரிசிகள் சடங்கை நம்பிய மக்களை அஞ்சாது கண்டித்தவர்கள். ஏழையை நசுக்குவோர் எடுக்கும் திருவிழாவைக் கடவுள் வெறுக்கின்றார் என்று முழங்கினார் ஆமோஸ். உடையைக் கிழித்துத் துக்கம் காட்டுவதினும் உள்ளத்தைக் கிழித்துக்கொள்வதே வேண்டும் என்றார் யோவேல். பசித்தவனுக்கு உணவு பகிர்வதும், நுகத்தடியை முறிப்பதுமே உண்மை நோன்பு என்பது ஏசாயா நூல் தரும் விளக்கம்.

புதிய ஏற்பாட்டில் சகேயு என்னும் வரி வசூலிப்போன் கதை வருகின்றது. அவன் மனம் திரும்பியதற்கு அடையாளம் கண்ணீர் அன்று. தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், வஞ்சித்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அவன் முன்வந்தான். வாயால் வருந்துவது எளிது. வாங்கியதைத் திருப்பித் தருவது அரிது. மனந்திரும்புதல் என்றால் என்ன என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் கதை வேறு உண்டோ?

கொரிந்து நகரத்துச் சபையில் ஒரு குழப்பம் இருந்ததைப் பவுல் எழுதிய நிருபத்தால் அறிகின்றோம். சபை கூடி உண்ணும் விருந்தில் வசதி படைத்தோர் முந்தி உண்டு நிறைந்தனர், இல்லாதோர் பசித்திருந்தனர். இவ்வாறு உண்பது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்று பவுல் கடிந்தார். திருவிருந்து என்னும் சடங்கு தோன்றிய முதல் நூற்றாண்டிலேயே, பந்தி வேற்றுமை அதனைப் பொய்யாக்கிவிடும் என்ற எச்சரிக்கையும் தோன்றிவிட்டது. இதனை வாசகர் நினைவில் நிறுத்துமாறு வேண்டுகின்றோம்.

ஒரு சொல்லின் பொருள்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. உரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டவும், மைன்ஸ் நகரத்துப் பேராயர் ஆல்பர்ட் பட்டிருந்த கடனை அடைக்கவும் அப்பணம் பயன்பட்டது. டெட்செல் என்னும் துறவி ஊர் ஊராகச் சென்று சீட்டு விற்றார். இதனை எதிர்த்து 1517ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் விட்டன்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் லூதர் 95 கருத்துரைகளை வெளியிட்டார். நம்பிக்கையாளனின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக அமைய வேண்டும் என்பதே அவற்றுள் முதலாவதன் சாரம்.

அதற்கு முந்திய ஆண்டு, 1516இல், எராஸ்மஸ் என்னும் அறிஞர் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தில் பதிப்பித்திருந்தார். இலத்தீன் வேதத்தில் ‘தவம் செய்யுங்கள்’ என்று சடங்குப் பொருள் படும்படி வழங்கிய இடத்தில் ‘மெட்டனோயா’ என்பதே கிரேக்கச் சொல். மனம் மாறுதல் என்பது அதன் பொருள். சொல்லின் மெய்ப்பொருள் விளங்கிய பின்னர்ச் சீட்டின் மதிப்பு தானே குறைந்தது. எழுத்தறிவு மூடப்பழக்கத்தை வெல்லும் என்பதற்கு இது சிறந்த சான்று. தமிழில் வழங்கும் ‘மனந்திரும்புதல்’ என்ற சொல், அக்கிரேக்கச் சொல்லின் உயிர்ப்பைப் பெரிதும் காத்துநிற்கின்றது.

ஹாலே நகரத்து ஏழைப் பள்ளி

சீர்திருத்தமும் நாளடைவில் சடங்காக இறுகிவிடுவது உண்டு. லூதர் மறைந்து ஒரு நூற்றாண்டு கடப்பதற்குள், அவர் பெயரால் அமைந்த சபைகள் பலவற்றில் வறட்டுக் கொள்கை வாதமே மிகுந்தது. ஞாயிறுதோறும் ஆலயம் செல்வதும் ஆண்டில் சில முறை திருவிருந்து பெறுவதும் போதும் என்று பலர் அமைந்தனர். இந்நிலையைக் கண்டு வருந்திய பிலிப்பு ஸ்பேனர் 1675இல் ‘பியா டெசிடீரியா’ என்னும் நூலை வெளியிட்டார். வேதத்தை மக்கள் தாமே படிக்க வேண்டும். அறிவு ஒழுக்கமாக மலர வேண்டும் என்பன அவர் வற்புறுத்தியவை. இவ்வழி நின்றோர் பக்தி இயக்கத்தார் எனப்பட்டனர்.

அவ்வியக்கத்தின் செயல் வீரர் ஆகஸ்ட் எர்மன் பிராங்கே. 1695இல் ஜெர்மனியின் ஹாலே நகரில், உண்டியலில் விழுந்த 4 தாலர் 16 குரோஷன் காசுகளை முதலாகக் கொண்டு அவர் ஏழைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அநாதை இல்லமும், அச்சகமும், மருந்துச் சாலையும் அதனைத் தொடர்ந்து எழுந்தன. 1727இல் அவர் மறைந்தபோது அந்நிலையங்களில் 2,000க்கும் மேற்பட்ட மாணவர் பயின்றனர். உள்ளத்து மாற்றம் ஊருக்குப் பயன்படும் செயலாக வெளிப்பட வேண்டும் என்பதற்கு ஹாலே கண்கண்ட சான்றாயிற்று.

தரங்கம்பாடியில் எழுந்த ஒளி

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடரிக்கு அனுப்பிய சீகன்பால்க், புளூட்சோ என்னும் இருவர் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். இருவரும் ஹாலேயின் பக்தி இயக்கத்தில் ஊறியவர்கள். ஆதலின் அவர்கள் தமிழைக் கற்றனர், பள்ளிகளைத் திறந்தனர், 1707இலேயே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி கண்டனர். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறி முடிந்தது. உள்ளம் மாற வேதம் அறிய வேண்டும்; வேதம் அறிய எழுத்தறிய வேண்டும்; எனவே எளியவனுக்கும் எழுத்து வேண்டும். பக்தி இயக்கத்தின் இந்தத் தருக்கமே நம் மக்களுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது.

1707ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் அங்கு முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனியரிடம் அடிமைகளாக இருந்தவர்கள். மனிதரை விலைகொடுத்து வாங்கி வைத்திருந்த டேனியரும் கிறிஸ்தவர் என்றே பெயர் பெற்றிருந்தனர். சடங்கினால் இரு சாராரும் ஒரே சமயத்தார். வாழ்க்கையில் ஒருவர் ஆண்டை, ஒருவர் அடிமை. சீகன்பால்க்குக்கும் கோட்டைத் தளபதிக்கும் பகை மூண்டு, 1708இல் அவர் சிறையிடப்பட்டு நான்கு மாதம் துன்புற்றதும் வரலாறு.

குருப்பட்டம் எட்டாத உபதேசியார்

ஒளி பிறந்த அவ்விடத்திலேயே நிழலும் விழுந்தது. தரங்கம்பாடிச் சபையில் சாதிக்கொரு இடம் என்ற வழக்கம் தொடக்கக் காலத்திலேயே வேரூன்றியது. வழிபாட்டில் நம் முன்னோர் விலகி அமர்ந்தனர். இவ்வழக்கம் பரவிய சபைகளில் திருவிருந்தின்போது உயர்ந்தோர் எனப்பட்டவர் முதலிலும் நம்மவர் பின்னரும் கிண்ணம் பெற்றனர். கொரிந்து நகரத்துப் பந்தி வேற்றுமை காவிரிக் கரையில் மீண்டும் தலைகாட்டிற்று.

இதன் கொடுமையை இராசநாயக்கன் என்பவரின் வாழ்க்கை நன்கு புலப்படுத்தும். அவர் பறையர் குலத்தில் பிறந்தவர், தஞ்சை அரசரின் படையில் பணியாற்றியவர், கத்தோலிக்கக் குடும்பத்தினர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷ நூல் கைக்கு எட்டியபோது அதனை ஆர்வத்துடன் பயின்று, உள்ளம் திரும்பியவர். 1720களின் இறுதியில் உபதேசியாராகிய அவர், 1771இல் மறையும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தஞ்சைப் பகுதியில் எதிர்ப்புகளுக்கிடையே உழைத்தார். அவருடைய பக்தியையும் திறமையையும் மிஷனெரிமார் நன்கறிவர்.

1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், ஆரோன் என்னும் வேளாளருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அடுத்த குருவைத் தேர்ந்தபோது இராசநாயக்கன் பெயரும் ஆராயப்பட்டது. ஆயினும் 1741இல் பட்டம் பெற்றவர் தியோகு என்பவரே. தாழ்ந்தவன் எனப்பட்டவன் கையால் திருவிருந்து பெற மற்ற சாதியார் இசையார் என்ற அச்சமே இராசநாயக்கனுக்குத் தடையாயிற்று. ஆரோனும் தியோகும் தகுதியற்றவர் என்பது நம் கருத்தன்று. அடிமைக்கும் ஆண்டைக்கும் ஒரே அப்பம் என்று போதித்த சபை, அந்த அப்பத்தைத் தரும் கைக்குச் சாதி பார்த்தது என்பதையே சுட்டுகின்றோம். திருவிருந்து குறைவின்றி நடந்தது, செபங்கள் முறைப்படி ஓதப்பட்டன, பாடல்கள் பாடப்பட்டன. திரும்ப வேண்டிய மனம் ஒன்றுதான் திரும்பவில்லை.

சாதி வேற்றுமை இந்நாட்டு மக்களின் உலக வழக்கம், சமயத்தைச் சார்ந்ததன்று என்று சொல்லிப் பல மிஷனெரிமார் அமைதி கண்டனர். சபையின் தொகை குறையுமே என்ற கவலையும் இதற்குக் காரணம். தொகையைப் பெரிதாக எண்ணுவோர்க்குச் சடங்கே போதுமானதாகத் தோன்றும். மனந்திரும்புதலைக் கேட்டால் தொகை குறையத்தான் செய்யும்.

1833ஆம் ஆண்டு ஆணை

அவ்வாறு தொகை குறைந்தாலும் குறைக என்று துணிந்தவர் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன். 1833ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் விடுத்த சுற்றறிக்கை, சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முற்றாகக் கைவிட வேண்டும் என்று பணித்தது. சென்னை வேப்பேரி, தஞ்சை, திருச்சி ஆகிய இடங்களில் பெருங்கிளர்ச்சி மூண்டது. பல்லாண்டு ஞானஸ்நானம் பெற்றிருந்தோர், சுவிசேஷத்தை மனப்பாடமாக ஒப்பிக்க வல்லோர், உபதேசியார்கள், ஆசிரியர்கள் எனப் பலர் சபையைவிட்டு வெளியேறினர். கிறிஸ்துவைவிட இருக்கை வரிசையே அவர்களுக்குப் பெரிதாயிற்று. 1835இல் வில்சன் தமிழகத்திற்கு வந்தபோது, பல சாதியாரும் ஐரோப்பியரும் வரிசை கலந்து திருவிருந்து பெறும்படி செய்தார்.

1850இல் சென்னை மிஷனெரி மாநாடு மேலும் ஒரு படி சென்றது. தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை ஏற்று உண்பதே சாதியை விட்டதற்கு அடையாளம் என்று அது வகுத்தது. லைப்சிக் சங்கத்தார் மட்டும் இதற்கு உடன்படாது நின்றனர். ஆணையினால் மனம் மாறுமா என்று அவர்கள் எழுப்பிய ஐயத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஒருநாள் ஒரு கவளம் உண்டுவிட்டு, மறுநாள் பழைய வழியே நடப்போர்க்கு அவ்விருந்தும் மற்றொரு சடங்காக முடியலாம். ஆயினும், மனம் மாறட்டும் என்று காத்திருப்பது யாருடைய தோளில் சுமை ஏற்றிக் காத்திருப்பது? ஒதுக்கி அமர்த்தப்பட்டவனே அச்சுமையைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கினான்.

மயிலாடி காட்டிய வழி

தெற்கே நாஞ்சில் நாட்டில் வேறொரு காட்சியைக் காண்கின்றோம். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சாம்பவர் குலத்தவர். அவர் சிதம்பரத்திற்கு யாத்திரை சென்று, அங்கு மனநிறைவு காணாமல், தஞ்சையில் சுவிசேஷம் கேட்டு வேதமாணிக்கம் என்னும் பெயரில் ஞானஸ்நானம் பெற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. அவரை மிஷனெரிமார் தேடி வரவில்லை. அவரே அவர்களைத் தேடிச் சென்றார். அவருடைய அழைப்பினாலேயே ஹாலேயில் பயின்ற ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கு ஆலயம் எழுந்தது. பள்ளியும் உடன் எழுந்தது.

வந்தவர்க்கெல்லாம் ரிங்கல்தௌபே விரைந்து ஞானஸ்நானம் கொடுத்துவிடவில்லை. வழக்கில் துணை வேண்டியும் வரியிலிருந்து விடுதலை வேண்டியும் வருவோர் உண்டு என்பதை அறிந்து, உள்ளத்தைச் சோதித்தே சேர்த்தார். தமக்கு வந்த ஊதியத்தையும் ஏழைகளுக்கே பெரிதும் செலவிட்டு எளிமையாக வாழ்ந்தார். 1816இல் அவர் நாட்டைவிட்டுச் சென்றபோது சபைப் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். தஞ்சையில் இராசநாயக்கனுக்கு எட்டாத நம்பிக்கை, மயிலாடியில் வேதமாணிக்கத்திற்குக் கிட்டியது. இரண்டிடத்தும் வேதம் ஒன்றே; சடங்கும் பெரும்பாலும் ஒன்றே. வேறுபட்டது நெஞ்சமே.

ஆலயத்துள் ஒரு சுவர்

சாதி என்னும் நோய் ஒரு சபைக்கு மட்டும் உரியதன்று. கத்தோலிக்கர் வாழும் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட ஆலயம், ஒரே பலிபீடத்தை நோக்கிய இரண்டு கூடங்களாக அமைந்தது. உயர்ந்தோர் எனப்பட்டவரும் பிறரும் ஒருவரையொருவர் காணாது வழிபட இடையே சுவர் நின்றது. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. தனியிடம் தங்களுக்கு உரிமை என்று சிலர் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கல்லால் எழுப்பிய சுவரை இடிக்க ஒருநாள் போதும். தனிக் கல்லறைத் தோட்டங்களும், தனித் தெருக்களுக்குள் மட்டும் செல்லும் தேர்ப் பவனிகளும் தமிழகத்தில் இன்னும் முற்றாக மறையாமையால், நெஞ்சத்துச் சுவர் சில இடங்களில் நிற்கின்றது என்றே கொள்ள வேண்டியுள்ளது.

இதனால் விளைந்த இழப்பு இரட்டிப்பானது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே அட்டவணைச் சாதியினராகக் கொண்டது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவராகிய நம் உறவினர்க்கு அவ்வாயில் திறக்கவில்லை. உங்கள் சமயத்தில் சாதி இல்லையே என்கின்றது சட்டம். கல்லறைத் தோட்டத்தில் சாதி காட்டுகின்றது ஊர். இரண்டிற்கும் இடையே நசுங்குவது நம் பிள்ளைகளின் கல்வியும் வேலைவாய்ப்பும் ஆகும்.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

சடங்கு வேண்டா என்று கூறுவது நம் நோக்கமன்று. இராசநாயக்கனும் வேதமாணிக்கமும் திருவிருந்தை மதித்தவர்களே. சடங்கு ஒரு வாக்குறுதி. அதனைச் செயலால் நிறைவேற்றுபவனே பக்தன். சொல்லிவிட்டு எழுந்து போகின்றவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கின்றான். சாதியின் பெயரால் பெற்ற இடத்தையும், நிலத்தையும், பதவியையும் பற்றிக்கொண்டே பாவத்திற்கு வருந்துவதாகக் கூறுவோர் சகேயுவின் கதையை மீண்டும் ஒருமுறை படிப்பாராக.

பிறரிடம் எதிர்பார்க்கும் இம்மனமாற்றத்தை நம்மிடத்தும் நாம் தேட வேண்டாமா? நம்முள்ளேயே கிளைச் சாதி பார்த்துப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுப்போர் உளர். நமக்கும் கீழே ஒருவனை வைத்துப் பார்க்கும் கண் நம்மிடமும் இல்லை என்று சொல்லிவிட இயலாது. மகனைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு மகளின் படிப்பை இடையில் நிறுத்தும் வழக்கமும் அறவே ஒழிந்துவிடவில்லை. படித்துப் பணியில் அமர்ந்தபின் பிறந்த தெருவை மறப்போரும் உண்டு. தரங்கம்பாடியில் பிறர் செய்த பிழையை நாம் நம் தெருவில் செய்தால், குறைகூறும் தகுதியை இழந்தவர்களாவோம்.

வெள்ளி விழாவும் ஒருவகைச் சடங்கே. மாலையும் மேடையும் வாழ்த்துரையும் வேண்டுவனவே. ஆனால் அவை முடிந்த மறுநாள் காலையில் நாம் செய்யப்போவது யாது என்பதே வினா. உண்டியலில் கிடந்த சில காசுகளைக் கொண்டு ஹாலேயில் ஒரு பள்ளி எழுந்தது; அப்பள்ளியின் மரபு கடல் கடந்து வந்து நம் முன்னோர்க்கு எழுத்தைத் தந்தது. வேலையில் உள்ள ஒவ்வொருவரும் படிப்பை நிறுத்தும் நிலையிலுள்ள ஒரு பிள்ளைக்கேனும் துணைநின்றால், அப்பிள்ளை நம் கிளையா பிற கிளையா, ஆணா பெண்ணா என்று பாராது நின்றால், இவ்விழா பொருளுடையதாகும். நம் சங்கம் அவ்வழியில் நடந்து, பொன்விழாவையும் காண்பதாக.